ஒரே ரோடு

"நேத்துத் தேதி போட்டு ஒரு இன்சூரன்ஸ் எழுதித் தர முடியுமாடி?"

மெரியானா மேஜைமேல் குனிந்து கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள். ரரோதோங்கா தீவில் கிசுகிசுப்பது வீண் வேலை. எப்படியும் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

துங்கானே கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். மெரியானாவின் சித்தி மகள்தான். ஆனால் இன்சூரன்ஸ் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் சித்தியையே யாரென்று கேட்பாள்.

"என்னக்கா ஆச்சு?"

"பைக் போச்சு. ரொட்டிக் கடை வாசல்ல விட்டுட்டு உள்ளே போனேன். வெளியே வந்து பார்த்தா, வண்டி நின்ன இடத்துல ஒரு கோழி நிக்குது."

"சாவி?"

"வண்டியிலதான். வேற எங்க இருக்கும்?"

அதற்காக அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அங்கே யாருமே வண்டியிலிருந்து சாவியை எடுப்பதில்லை.

"போலீஸ்ல சொன்னியா?"

"சொன்னேன், போலீஸ்காரர் சிரிக்கிறாரு. 'தீவைச் சுத்தி இருக்கிறது ஒரே ரோடு, திருடினவன் எங்க போவான், சுத்திக்கிட்டு இங்கதான் வருவான்'ங்கிறாரு. போன மாசம் நான் அவர்கிட்ட பேசின அதே பேச்சு."

இந்த 'அவர்', அவள் புருஷன். மனிஹிக்கித் தீவின் முத்துப் பண்ணையில் ஒரு வருஷம் தண்ணீரிலேயே கிடந்து உழைத்து வாங்கிக் கொடுத்த வண்டி அது. இன்சூரன்ஸ் போடு என்று தனியாகப் பணமும் அனுப்பியிருந்தான். ஒரே ரோடு இருக்கிற ஊரில் எவன் திருடப் போகிறான், தண்டச் செலவு என்று மெரியானா அந்தப் பணத்தில் துணி துவைக்கும் மெஷின் வாங்கிவிட்டாள். தீவைச் சுற்றி நாலு விடுதிகளைத் துப்புரவு செய்வதுதான் அவள் பிழைப்பு. பைக் இல்லையென்றால் வேலையும் இல்லை. போதாக்குறைக்கு அடுத்த வாரம் அவன் ஊருக்கு வருகிறான். அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

"தேதியை மாத்தினா என் வேலை போயிடும்க்கா," என்றாள் துங்கானே. "அதுவும் சாவியை வண்டியிலயே விட்டிருக்கே. நேத்து எழுதியிருந்தாலும் காசு வராது."

"பின்னே எதுக்குடி இந்த ஆபீசைத் திறந்து வெச்சிருக்கீங்க?"

மெரியானா அழ ஆரம்பித்த நேரத்தில் சபை மூப்பர் நூரோவா தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். புயல் காலம் வருகிறதே, வீட்டு இன்சூரன்ஸைப் புதுப்பிக்கலாம் என்று வந்தவர்.

"யாரு செத்தது?"

"என் பைக்கை எவனோ திருடிட்டான் மாமா."

நூரோவா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "நம்ம ஊர்லயா? பட்டப்பகல்லயா? அந்தப் பாவி விளங்குவானா? ஒரு பொண்ணோட வண்டியைத் தூக்கிட்டுப் போக மனசு எப்படி வந்துச்சு அவனுக்கு?"

"எல்லாம் என் தப்புதான் மாமா. இன்சூரன்ஸ் போட்டிருக்கணும்."

"போட்டிருக்கணும் மகளே, போட்டிருக்கணும்," என்று சொல்லிவிட்டு, தன் பைக்குக்கும் போடவில்லை என்பது அப்போதுதான் உறைத்ததுபோல விழித்தார்.

"உங்களுக்குப் பத்து வருஷமா சொல்றேன், வருஷா வருஷம் விலையைக் கேட்டுட்டு அப்படியே போயிடுறீங்க," என்று துங்கானே சமயம் பார்த்துப் போட்டாள்.

"எழுது. இப்பவே எழுது."

"வண்டி நம்பர் போன வருஷம் நீங்க விலை கேட்ட கடுதாசியிலேயே இருக்கு. ஆனா சாவியை வண்டியில விட்டா செல்லாது மாமா, இப்பவே சொல்லிட்டேன்."

மூப்பர் அந்த வயதிலும் வாசலுக்கு ஓடினார். சாவியோடு திரும்பி வந்தவர், அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். "இனிமே இது என்னை விட்டு இறங்காது."

பணத்தைக் கட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார். மெரியானாவுக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு கையெழுத்து. அதைப் போட அவளுக்கு ஒரு மாசம் இருந்தது.

"அழாத மகளே. ஞாயித்துக்கிழமை சபையில சொல்லி ஜெபம் பண்றேன். அந்தத் திருடன் காதுல விழுற மாதிரியே பண்றேன். இப்ப வா, உன்னை வீட்டுல விட்டுட்டுப் போறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். வாசலில் நின்றது ஒரு நீல பைக். தீவில் பாதி வண்டி அதே நீலம்தான். அவர் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். மெரியானா நம்பரைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, இது என் வண்டி."

அவர் குனிந்து பார்த்தார். சீட்டைத் தடவினார். மெல்ல இறங்கி, சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். மெரியானாவுக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தன. போன உயிர் திரும்பி வந்துவிட்டது. நூரோவாவின் முகம்தான் வெளுத்துவிட்டது.

"அப்போ என் வண்டி? நானும் ரொட்டிக் கடையிலிருந்துதானே வர்றேன், அங்க என் வண்டியை எவன் எடுத்தான்? துங்கானே, இப்பத்தானே கையெழுத்துப் போட்டேன், எனக்குக் காசு வருமா?"

துங்கானே காகிதத்தோடு வெளியே வந்தாள். "பதறாதீங்க மாமா. கடைசியா எங்க நிறுத்தினீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மூப்பர் யோசித்தார். ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் நன்றாக இறக்கி மாட்டிக்கொண்டார்.

"வீட்டுலதான் நிக்குது. காலையில நான் பஸ்லதானே வந்தேன்."