இரண்டு பேர் இருக்க ஒரு வாங்கு

"வெளியில போடுற வாங்குக்கு முதிரை மரந்தான் சரி, தங்கச்சி. மழையிலயும் வெயிலிலயும் கிடந்தாலும் உக்காது" என்று, இருவர் உட்காரும் நீள இருக்கைக்கு எடுத்த பலகையை உளியால் தட்டிக் காட்டினார் தச்சு வேலை செய்யும் ஆதம்லெப்பை ஓடாவி. "வருசத்துக்கு ஒருக்கா எண்ணெய் மட்டும் பூசணும். வீட்டுக்காரரைப் பூசச் சொல்லுங்க."

"அவருக்குத் துணி பிடிக்க ஏலாது, காக்கா. விரல் இல்ல" என்றாள் தங்கப்பிள்ளை. "குட்ட நோய். வாவிக்குள்ள தீவு ஆசுபத்திரியில இருக்கார். வாங்கும் அங்கதான் போகுது."

ஓடாவியின் உளி நின்றது.

"அப்ப ரெண்டு பேர் இருக்கிற நீளம் என்னத்துக்கு? அங்க போறவங்களைக் கிட்ட இருக்க விடமாட்டாங்களே, புள்ள."

அதுவரை முந்தானைக்குள் மறைத்திருந்த இடக்கையை அவள் வெளியே எடுத்தாள். புறங்கையில் வெளிறிய படை ஒன்று படர்ந்திருந்தது.

"வாங்கு ஏறுற தோணியிலதான் நானும் போறன், காக்கா. விரல் இருக்கிற வரைக்கும் எண்ணெய் நான் பூசுவன்."