ஆறுமுகதாசனுக்கு இரண்டு பக்கங்கள்

பிரசாந்தனுக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது.

வேலணையில் இருந்துகொண்டு தீவுப் பகுதி மரண அறிவித்தல்களை இணையத்தில் போடுவதுதான் அவன் பிழைப்பு. ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், கனடாவும் லண்டனும் முதலில் திறப்பது அவன் தளத்தைத்தான். ஊர்காவற்றுறையில் டிலோன் இதே தொழிலில் கடை விரிக்கும்வரை அப்படித்தான் இருந்தது. இப்போதெல்லாம் செத்தவரின் பெயரைத் தேடினால் டிலோனின் பக்கம்தான் முன்னுக்கு வருகிறது. அதே அறிவித்தல், அதே படம். விளம்பரக்காரர்களும் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாயத் தொடங்கிவிட்டார்கள்.

"சனம் இரண்டு இடத்திலயும் குடுக்குதோ தெரியாது," என்றாள் மனைவி மேனுகா.

"விசர்க்கதை கதைக்காதையும். அவன் கொப்பி அடிக்கிறான். கையும் மெய்யுமாப் பிடிச்சுக் காட்டுறன், பாரும்!"

பொறி வைத்தான். உலகத்திலேயே இல்லாத ஒரு மனிதரைச் சாகடித்தான். 'வேலணை கிழக்கைப் பிறப்பிடமாகக் கொண்ட அமரர் முருகேசு ஆறுமுகதாசன்.' உண்மைபோல் இருக்கட்டும் என்று அந்த ஆளுக்குப் பத்துப் பரப்புத் தோட்டக்காணியும் கொடுத்தான். வில்லங்கம் வேண்டாமென்று மனைவி பிள்ளைகளை மட்டும் கொடுக்கவில்லை. படத்துக்குப் பதிலாக ஒரு குத்துவிளக்கு.

மறுநாளே டிலோனின் தளத்தில் ஆறுமுகதாசன்! மேல் வரியைப் பார்த்ததே போதும். பிரசாந்தன் ஊர்காவற்றுறைக்கு மோட்டார் சைக்கிளை முறுக்கினான்.

"பிடிபட்டீர் ஐசே! இனி இரண்டில ஒண்டு சொல்லும். ரீடைரெக்ட் போட்டீர் எண்டா, உம்மட பக்கத்தைத் திறக்கிற ஆள் நேரா என்ரைக்கு வந்திடும். கனோனிக்கல் போட்டீர் எண்டா, உம்மடையும் இருக்கும், ஆனா அசல் என்ரைதான் எண்டு தேடுபொறிக்கு நீரே சொன்ன மாதிரி. எது?"

டிலோன் கதிரையை இழுத்துப் போட்டான்.

"இருங்கோ அண்ணை. இதையேதான் நான் உங்களிட்டைக் கேக்க இருந்தனான். அசல் என்ரை எல்லோ? வீட்டுக்காரரே தந்தது."

"எந்த வீட்டுக்காரர்?"

"ஆறுமுகதாசன் ஐயாவின்ர மகள், ரொறன்ரோவில இருந்து. அழுதழுதுதான் கதைச்சவ. தேப்பன்ர படமும் அனுப்பினவ. உங்கட பக்கத்தில தன்ர பேர் விடுபட்டுப் போச்சாம், சரியான கவலை."

இல்லாத மனிதருக்கு மகளா? ஐயோ கடவுளே! அப்படி ஒருவரே இல்லை என்று வாயைத் திறந்தால், பொய்ச் சாவு போட்டவன் என்று ஊரே காறித் துப்பும். தளத்தை இழுத்து மூடவேண்டியதுதான்.

"சொல்லுங்கோ அண்ணை, கனோனிக்கலோ, ரீடைரெக்டோ?"

"ரீடைரெக்டே போடுறன்," என்றான் பிரசாந்தன். "என்ர பக்கம் இனி ஒருத்தற்ர கண்ணிலயும் படக்கூடாது."

"நல்லது. அப்ப இன்னொரு சின்ன உதவி. மகள் வெள்ளிக்கிழமை வாறா. நீங்கள் வேலணை ஆள்தானே, அந்தப் பத்துப் பரப்புக் காணியை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கோ."