முதுகு காட்டிய தோட்டம்

டேலியாத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தாள் மனைவி.

ஸ்டூடியோக்காரருக்கு எங்கேயோ இடித்தது.

டேலியா நெஞ்சு உயரம் வளரும். பக்கத்தில் வைத்திருக்கிற சூரியகாந்தி ஆளையே தாண்டும். அதற்கடுத்து காஸ்மாஸ், அப்புறம் சாமந்தி. கடைசியில், பின்சுவரை ஒட்டி, ஒரு சாண்கூட வளராத பேன்சி.

முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் குரூப் போட்டோ எடுப்பவர் அவர். நெட்டை பின்னால், குட்டை முன்னால். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

இங்கே எல்லாம் தலைகீழ். வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் சூரியகாந்தியின் முதுகுதான் தெரியும்.

"நெட்டையை எல்லாம் வீட்டை ஒட்டி வச்சுட்டா, குட்டையை யார் பாக்கறது?" என்றார் ஜன்னல் வழியாக.

"ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் நிமிருங்க, சிரிங்கன்னு படுத்தறது பத்தாதா? என் செடியையாவது சும்மா விடுங்க. போய் டீயைக் குடிங்க, ஆறிப்போகுது."

பேச்சை மாற்றுகிறாள்.

தெரியாமல் செய்திருப்பாள் என்று தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. மேஜை மேல் அவள் வரைந்த பிளான் கிடந்தது. வரிசை கிரிசை எதுவும் இல்லாமல் எல்லாப் பூவும் கலந்துகட்டி நிற்கிற காட்டேஜ் கார்டனாம். ஆனால் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பென்சிலில் அதன் உயரம். அளந்து, அழித்து, மறுபடி அளந்து போட்டிருக்கிறாள்.

இருந்த ஒரே ரோஜாவுக்கும் தண்ணீர் ஊற்ற மறந்து அதைக் கொன்றவள் இவள். இரண்டு மாதத்துக்கு முன்னால் திடீரென்று பூப்பைத்தியம் பிடித்தது.

அதே இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் பின்சந்துக்கு அந்தப் பக்கத்து மாடிக்குக் குடித்தனம் வந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க இன்றைக்குத்தான் தோன்றியது. தோன்றிய பிறகு நிற்கவில்லை. வாரம் மூன்று நாள் நர்சரிக்குப் போகிறேன் என்று கிளம்புவாள், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு. நர்சரிக்காரனுக்குச் சோறு ஊட்டியா செடி வாங்குகிறார்கள்? திரும்பும்போது பாதி நாள் கையில் செடியும் இருக்காது.

அவர் திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். சொந்த வீட்டில் திருடன் மாதிரி.

குழி வெட்டுவதற்கு முன்னால் தொட்டிகளை மண்மேல் பரப்பி, எங்கிருந்து பார்ப்போமோ அங்கே போய் நின்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். நர்சரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம், அவளே சொன்னாள். ஆனால் ஒருமுறைகூட அவள் வீட்டுக்குள் வந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேலே அண்ணாந்து பார்த்தாள்.

மாடி ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. நீலக் கட்டம் போட்ட சட்டை. இடது பக்கம் தள்ளு என்று அசைந்தது.

அவள் சாமந்தியைத் தள்ளினாள்.

போதும் என்றது கை.

அவள் சிரித்தாள். கேட்டு வாங்குகிற சிரிப்பு எது, தானாக வருகிற சிரிப்பு எது என்று அவருக்குத் தெரியும். அதுதானே பிழைப்பு. இது தானாக வந்தது. இந்த வீட்டுக்குள் அதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

அவள் இல்லாத வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அதைவிட, அவள் திட்டாத வீட்டில் அவருக்கு ஒரு நாள் ஓடாது.

முன்வாசல் வழியாக இறங்கித் தெருவைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போனார். மாடிப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் தயாரானது. 'குடும்பப் பொம்பளைக்கு ஜாடை காட்டறியே, வெக்கமா இல்ல?' பன்னிரண்டாவது படியில் மூச்சு வாங்கியது. வசனம் பாதி மறந்துபோயிற்று. இருந்தாலும் கதவை இடித்தார்.

திறந்தவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நீலக் கட்டம். இவன் வயசென்ன, அவள் வயசென்ன!

அவன் அவரைப் பார்த்தான். ஓர் அடி பின்வாங்கினான். சுருட்டிவிட்டிருந்த சட்டைக் கையை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டு, உள்பக்கம் திரும்பினான்.

"நீ எழுந்திருக்காத. பிரசவம் வரைக்கும் படுத்தே இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்கல்ல? வேற யாருமில்ல... உங்கப்பாதான் வந்திருக்காரு."

அந்த முகத்தை அவர் முன்னே பார்த்ததில்லை. மகளின் கல்யாணத்துக்குப் போயிருந்தால் பார்த்திருப்பார். 'நான் உயிரோட இருக்கற வரைக்கும் அவ என் வாசப்படி மிதிக்கக் கூடாது' என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் மனைவியிடம் சத்தியம் வாங்கியவர் அவர்.

மனைவி சத்தியத்தை மீறவில்லை.

உள்ளே கட்டிலை ஜன்னலோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள்.

"உள்ள வாங்க மாமா" என்றான் அவன்.

செருப்பைக் கழற்றக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.