விரலுக்குத் தெரியும்

நைலான் நூலை அவனுடைய வலது ஆட்காட்டி விரலின் மேல் போட்டுவிட்டார் படகுக்காரர் சந்தியாகு.

“கண்ணால பாக்காதீங்க சார். மீன் கொத்துனா விரலுக்குத் தெரியும்.”

அவள் வாயைத் திறந்தாள். கணவன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள்.

அந்த விரலுக்கு எதுவும் தெரியாது.

எட்டு மாதங்களுக்கு முன் வீட்டுக் கண்ணாடிக் கதவு உடைந்து அவன் மணிக்கட்டைக் கிழித்தது. நரம்பைத் தைத்தார்கள். விரல்கள் மடங்கின, நிமிர்ந்தன. தொட்டால் மட்டும் தெரியவில்லை. ஒரு வருடம் பார்க்கலாம் என்றார் மருத்துவர். அதற்குமேல் என்ன என்று இவர்கள் கேட்கவில்லை.

அந்தமானுக்குப் போகலாம் என்றது அவள்தான்.

அவன் நூலை இழுத்தான். வெறும் கொக்கி. இறால் துண்டு போயிருந்தது.

சந்தியாகு மறுபடி இரை கோத்தார். மறுபடி வெறும் கொக்கி.

மூன்றாவது முறை அவர் சிரித்துவிட்டார்.

“என்ன சார், கீழ பந்தி போட்டிருக்கீங்களா? தின்னுட்டுக் கை கழுவிட்டுப் போவுது!”

அவனும் சிரித்தான். இடது கைக்கு மாற்றிக்கொள்ளவில்லை.

அவளுக்கு ஒரு சங்கரா மீன் மாட்டியது. விரல் நுனியில் இரண்டு முறை லேசாகச் சுண்டியது, பிறகு ஒரே இழுப்பு. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதை முகத்தில் காட்டாமலிருக்கப் பாடுபட்டாள்.

ஒரு சின்னத் தீவில் இறங்கினார்கள். சந்தியாகு மீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருக்க, இருவரும் கரையோரம் நடந்தார்கள்.

வழக்கம்போல அவளை இடப்பக்கம், உணர்வுள்ள கையின் பக்கம், வைத்துக்கொண்டான். எட்டு மாதங்களாக அப்படித்தான். தெருவில், சினிமாவில், கட்டிலில்.

அலையாத்தி வேர்களுக்கிடையே ஒரு துறவி நண்டு சங்கைச் சுமந்து போனது. அதை எடுத்துத் தன் வலது உள்ளங்கையில் விட்டான். அது விரல் நுனிவரை போய்த் திரும்பியது.

வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

கூசுகிறதா என்று கேட்க வந்தாள். கேட்கவில்லை.

திரும்பியபோது தேங்காய் மட்டைகள் எரிந்து கனலாகியிருந்தன. கம்பி வலையில் மிளகாய்த்தூள் பூசிய சங்கரா.

“புடிச்சவங்களுக்குத்தான் தலை. அது எங்க வழக்கம். மேடத்துக்குத் தலை, சாருக்கு வால்.”

“வாலாவது குடுங்கண்ணே.”

எலுமிச்சம்பழம் எடுத்துவர சந்தியாகு படகுக்குப் போனார்.

கனலின் முன் உட்கார்ந்தார்கள். அவள் அவனுக்கு இடப்பக்கம்.

நெருப்பு இருக்கும் இடத்தில் அவள் கண் அந்த வலது கையை விட்டு நகராது. காபி டம்ளரைக்கூட முதலில் அவள்தான் தொட்டுப் பார்ப்பாள். ஒருநாள் சூடான தோசைக்கல்லில் கை பட்டது தெரியாமல் அவளோடு பேசிக்கொண்டிருந்தான். கருகும் வாடை வந்த பிறகுதான் இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

காற்று திரும்பியது. புகை அவள் முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஸ்ஸ்…”

திறந்தாள். வலைமேல் மீன் பாதி திரும்பிக் கிடந்தது. அவன் விரலை வாயில் வைத்திருந்தான்.

வலது ஆட்காட்டி விரல்.

“என்னாச்சு?”

“சுடுது.”

சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டதுபோல அவளைத் திரும்பிப் பார்த்தான்.

விரலை வாயிலிருந்து எடுத்தான். மெதுவாகக் கனலின் மேல் நீட்டினான். கொஞ்சம் இறக்கினான். இன்னும் கொஞ்சம்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

மீனின் வால் கருகியது. யாரும் எடுக்கவில்லை.

சந்தியாகு எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.

“போச்சு, சாரோட வாலும் போச்சு! பக்கத்துல உக்காந்துக்கிட்டே… என்ன மேடம், அழுவுறீங்க?”

“புகை,” என்றாள்.

அவன் எழுந்தான். அவள் முதுகுக்குப் பின்னால் சுற்றிவந்து, மறுபக்கம் உட்கார்ந்தான். இப்போது அவள் அவனுக்கு வலப்பக்கம்.