முட்டை வாங்கிய படம்

"பச்சை குத்திக்கிட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல தம்பி. ஆனா, இதெல்லாம் என்ன கண்றாவி?"

டிராயிங் டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்தவனின் வலது காலைக் காட்டினாள்.

பாவம், டீச்சரின் மகளைக் கல்யாணத்துக்குக் கேட்டு வந்திருந்தான். வெளியே செம மழை. தெருத் தண்ணீரில் நனையாமலிருக்க பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டியவன், உள்ளே வந்ததும் இறக்கிவிட மறந்துபோனான்.

அவன் டாட்டூ கடை வைத்திருக்கிறான், தோழிக்குத் துணையாகப் போனதில் பழக்கம் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். டீச்சருக்கு அதில் ஆட்சேபணை இல்லை. காகிதத்தில் வரைந்தால் என்ன, தோலில் வரைந்தால் என்ன, கோடு ஒழுங்காக இருந்தால் சரி. அவன் இடது கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பறந்த கொக்குக் கூட்டத்தைப் பார்த்து, "பரவாயில்லையே" என்றுகூடச் சொன்னாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை வாங்க முடியாமல் பள்ளிக்கூடத்தை விட்டே போன பிள்ளைகள் உண்டு.

அதற்குப் பிறகுதான் கால் கண்ணில் பட்டது.

கைப்பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வந்துவிட்டது.

"இது என்ன?"

"பாம்பு, ஆன்ட்டி."

"ஷூ லேஸ்னுல்ல நினைச்சேன்! பத்துக்கு மூணு. இந்த ரோஜாப்பூ?"

"அது... சிங்கம், ஆன்ட்டி."

"ரெண்டு."

பேனா கணுக்கால் பக்கம் இறங்கியது.

"அடக் கடவுளே! இது என்ன குரங்கு? ஒரு கண்ணு மேல, ஒரு கண்ணு கீழ. இந்த லட்சணத்துல கண்ணாடி வேற போட்டிருக்கு! இதுக்கு முட்டைதான்."

டீ எடுத்து வந்த மகளின் கையில் தட்டு கடகடவென்று ஆடியது. பேப்பருக்குப் பின்னால் இருந்த கணவருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"என்னங்க, நீங்களும் ஏதாவது சொல்லுங்களேன்."

"நான் என்னத்தைச் சொல்ல? நீ பார்த்து மார்க் போட்டா சரி."

டீச்சர் பேனாவை மூடினாள். "இதோ பாருங்க தம்பி. எம் பொண்ணு கோடு போட்டாலே கோணிக்கிட்டுப் போகும், அவளுக்குப் படமே வராது. வர்ற மாப்பிள்ளையாவது ஒழுங்கா வரையட்டும்னு நினைச்சேன். சொந்தக் காலையே இப்படிப் பாழ் பண்ணிக்கிட்டவரை நம்பி எப்படிப் பொண்ணைக் கொடுக்கறது? எனக்கு இஷ்டமில்ல."

மகளின் முகம் விழுந்துவிட்டது. அவன் பேன்ட்டை இறக்கிவிடக் குனிந்தான். என்ன நினைத்தானோ, அப்படியே நிமிர்ந்தான்.

"ஆன்ட்டி, இதுல ஒண்ணுகூட நான் போட்டது இல்ல."

"பின்னே?"

"கடைக்குக் கத்துக்க வர்றவங்க முதல்ல ரப்பர் ஷீட்லதான் போட்டுப் பழகுவாங்க. ஆனா ரப்பருக்கு வலிக்காது, அது காலை இழுத்துக்காது. முதல் தடவை மனுஷத் தோல்ல ஊசியை வைக்கறப்போ யாருக்குமே கை நடுங்கும். நம்பி வர்ற கஸ்டமர்கிட்ட போய் நடுங்கச் சொல்ல முடியுமா? அதான் இந்தக் காலை அதுக்குன்னே விட்டுட்டேன். என்கிட்ட கத்துக்கிட்ட அத்தனை பேரோட முதல் படமும் இங்கதான் இருக்கு."

டீச்சர் மறுபடி குனிந்து பார்த்தாள்.

"அந்த ரோஜா... அந்தச் சிங்கம் போட்டவரு?"

"இப்ப தனியா கடை வச்சுட்டார். உங்களுக்குப் பிடிச்சிருந்ததே, இந்தக் கொக்கு எல்லாம், அவர் போட்டதுதான்."

டீச்சர் கொக்கையும் சிங்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, அதான் கத்துக்கிட்டாங்கல்ல? இதுங்க மேலேயே நல்லதா வேற ஒண்ணு போட்டு மறைச்சுடலாமே?"

"முதல் படத்துல கை வைக்கக் கூடாது, ஆன்ட்டி. அதைத் திருத்திட்டா அவங்களுக்கு அடுத்த படம் போடவே மனசு வராது."

டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. அவள் சிவப்புப் பேனா படாத படம் ஒன்றுகூட அந்தப் பள்ளிக்கூடத்தில் கிடையாது. சத்தமில்லாமல் பேனாவைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"டீயைக் குடிங்க மாப்பிள்ளை, ஆறிடப்போகுது."

மாப்பிள்ளை! மகள் தட்டை அவசரமாக மேஜையில் வைத்தாள், இல்லாவிட்டால் கீழே போட்டிருப்பாள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றாள் டீச்சர். "அந்தக் குரங்கைப் போட்ட பிள்ளையை மட்டும் ஒரு நாள் இங்க அனுப்பி வைங்க. சத்தியமா திட்ட மாட்டேன். பக்கத்துல உட்கார வச்சு நானே கத்துக் கொடுக்கறேன்."

மாப்பிள்ளை டீயும் கையுமாக மகளைப் பார்த்தான். கணவரின் பேப்பர் குலுங்கு குலுங்கென்று குலுங்கியது.

மகள் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேண்டாம்மா. சின்ன வயசுல நீ ஒரு தடவை கத்துக் கொடுத்தே. அதுக்கப்புறம் பென்சிலைத் தொடவே எனக்குப் பயம். இவர் காலை நீட்டின பிறகுதான் அந்தப் பயமே போச்சு."

டீச்சர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம்மா..." மகள் அவள் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். "அது குரங்கு இல்ல. நீ."