முப்பத்தொரு சதவீதம்

பாலைவனப் பள்ளத்தாக்கு ஊர் ஒன்றுக்குச் சாகசப் பயணம் போக கவினும் ரித்திகாவும் ஆறு மாதமாகத் திட்டம் போட்டார்கள். ஒட்டகச் சவாரி, கூடாரம், தக்காளித் தொக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். முந்நூறு அடிப் பாறையில் மனைவி கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். மேலே நின்று கணவன் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பயணச் செயலி அவர்களுடைய பதினைந்து வருடக் குடித்தனத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது:

“மேடம், சார் கடைசிவரை கயிற்றை விடாமல் இருப்பதற்கான வாய்ப்பு முப்பத்தொரு சதவீதம்.”

கவினுக்குச் சுர்ரென்று ஏறியது. “அடுப்புல பால வச்சுட்டு மறந்ததையெல்லாமா சேத்திருக்க?”

“அதுவும் உண்டு சார். கார் சார்ஜிங் ஸ்டேஷனில் இறங்கிய மேடத்தை ஏற்றிக்கொள்ளாமலே வீடு வந்து சேர்ந்ததும் உண்டு.”

“முப்பத்தொண்ணா? பரவாயில்லையே!” என்றாள் ரித்திகா. “நான் பத்துதான் இருக்கும்னு நெனச்சேன்.”

“கயிறு பிடித்துப் பழகிய ஆளை வாடகைக்கு எடுக்கலாம் மேடம். தொண்ணூற்றொன்பது சதவீதம்.”

“எவனும் வேணாம், நானே பிடிப்பேன்!” என்று கவின் கத்தினான். கத்தும்போதும் அவன் கண் கையிலிருந்த போனைவிட்டு நகரவில்லை.

ரித்திகா அதைப் பார்த்துவிட்டுச் செயலியிடம் கேட்டாள்.

“அந்தப் போனை இவரு கீழ போடுறதுக்கு எவ்வளவு வாய்ப்பு?”

“பூஜ்யம், மேடம்.”

“அப்ப வெளியாளு எதுக்கு? கயித்தோட மறு நுனிய அந்தப் போன்ல கட்டச் சொல்லிடு.”