ஆறு பேருக்குத் தேத்தண்ணி

"தம்பி, குறை நினையாதையும். உங்கடை ஆறு பேரிலை ஆர் அந்தப் பகுதி ஆள்?"

புளியங்கூடல் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் சரவணமுத்து குரலைத் தணித்துத்தான் கேட்டார். ஆனால் கடையைச் சுற்றி ஊரே நின்றது.

அறுபத்தேழாம் ஆண்டு அது. ஊரூராய்ப் போய்க் கூலிக்குக் கரப்பந்து ஆடும் யாழ்ப்பாணத்து அணி, உள்ளூர்ப் பெடியளை மண் கவ்வ வைத்துவிட்டு, வேர்வை காயாமல் வாங்கில் வந்து உட்கார்ந்திருந்தது.

அணியில் ஒருவன் குறைந்த சாதி என்று காலையிலேயே அவர் காதில் விழுந்துவிட்டது. அவன் யார் என்பதுதான் விழவில்லை. அவனுக்குக் கிளாசில் கொடுத்தால் நாளைக்குக் கடைக்கு ஈ காக்காய் வராது; தேங்காய்ச் சிரட்டையில்தான் கொடுக்கவேண்டும். ஆள் மாறி வேறொருவனிடம் சிரட்டையை நீட்டினாலோ, அடிதடிதான். மனிசன் பாவம். ஆனால் இரங்குகிற அளவுக்கு நல்லவரும் இல்லை.

"நான்தான்," என்றான் அணித்தலைவன் குலசிங்கம், எல்லாருக்கும் கேட்க. "எனக்குச் சிரட்டையிலை தாங்கோ."

அப்பாடா என்றிருந்தது சரவணமுத்துவுக்கு. கூரையில் செருகியிருந்த ஒரே சிரட்டையை எடுத்தார்.

"எனக்கும்," என்றான் பக்கத்திலிருந்தவன்.

"நீருமோ? கழுத்திலை தங்கச் சங்கிலியெல்லாம் கிடக்கு!"

"சங்கிலி போட்டால் சிரட்டையிலை குடிக்க ஏலாதோ?"

"எனக்கும்."

"எனக்கும்."

"எனக்கும்தான், ஐயா."

சரவணமுத்துவுக்குத் தலை சுற்றியது. ஒருவன் என்றுதானே சொன்னார்கள்? இதென்ன கூத்து?

"சிவக்கொழுந்து! நாலு தேங்காய் உடையப்பா!" என்று குசினிப் பக்கம் கத்தினார்.

"இந்த நேரத்திலை ஆருக்கு நாலு தேங்காய்?" என்றாள் அவர் மனைவி சிவக்கொழுந்து.

"தேங்காய் ஒருத்தருக்கும் வேண்டாம், சிரட்டைதான் வேணும். கெதியாய்த் துருவிப்போட்டுத் தா. கண்ணுள்ள பாதி ஒழுகும், அதை விட்டிடு."

குசினிக்குள் திட்டு விழுந்தது. வெளியே ஊர் சிரித்தது. சரவணமுத்து பயந்து பயந்து ஆறாவது ஆளிடம் வந்தார். அவர் மனதில் ஐந்தாவது தேங்காயும் தயாராக இருந்தது.

"நீர்?"

"நான் இல்லை, ஐயா."

போன உயிர் திரும்பி வந்தது.

"பேர் என்ன, தம்பி?"

"தம்பிஐயா."

"இந்தக் கூட்டத்துக்கை நீர் என்னெண்டு வந்து மாட்டினீர்?"

"இவங்கள் நல்லவங்கள், ஐயா."

"நல்ல மனசு உமக்கு!"

ஊருக்கு முன்னால் தன் மரியாதையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? தம்பிஐயாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன்னுடைய கதிரையில் இருத்தினார். கிளாசைக்கூட ஒதுக்கிவிட்டு, மாமனாருக்கே கொடுக்காத தன் வெண்கல மூக்குப்பேணியில் தேத்தண்ணி வார்த்துக் கொடுத்தார்.

மற்ற ஐந்து பேரும், ஊர் முழுவதும் பார்க்க, சிரட்டையில் ஊதி ஊதிக் குடித்தார்கள். ஒருவர் முகத்திலும் வெட்கம் இல்லை. அதுதான் சரவணமுத்துவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அணி வந்த வான் புறப்பட ஹோர்ன் அடித்தது. தம்பிஐயா மட்டும் திரும்பி வந்து பேணியை அவர் கையில் வைத்தான்.

"ஐயா, நீங்கள் தேடின ஆள் நான்தான். போற ஊரெல்லாம் எனக்காக இவங்கள் அஞ்சு பேரும் இப்பிடித்தான் சிரட்டையிலை குடிக்கிறவங்கள். ஆனால், தன்ரை பேணியையே எனக்குத் தந்த முதல் ஆள் நீங்கள்தான்."